ஏரிக்கு நாற்பது நிமிடம்

மாதர் மன்றத்து வாசலில் அன்று சிறகு மாட்டக் கொக்கிகள் போதவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக வானத்திலிருந்து மெல்ல இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கைச்சிறகுகளைக் கழற்றி உதறிவிட்டு இடம் தேடினார்கள். கொக்கி கிடைக்காதவர்கள் ஜோடி ஜோடியாகத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். திரும்பும்போது யாராவது ஒருத்தி அடுத்தவளுடைய இடது சிறகை மாட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். போன மாதம் மன்றத்தின் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் ரஹ்மத்துன்னிசா இரண்டு இடது சிறகுகளோடு கிளம்பி, நேராகப் பறக்க முடியாமல், வட்டமடித்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.

சனிக்கோளின் பெரிய நிலவான டைட்டனில் பறப்பது ஒரு வித்தையே இல்லை. காற்றுக்கு அடர்த்தி அதிகம், உடம்புக்கு எடை ஏழில் ஒரு பங்கு. முகமூடியும் வெப்ப அங்கியும் மாட்டிக்கொண்டு கைகளை அசைத்தால் போதும், எழுபது வயதுக்காரரும் எழும்பிவிடலாம். வட துருவத்துக் கரையில் இருக்கும் புதுக்கரை என்ற அந்தச் சிற்றூரில் அப்போது நடுக்கோடை. அங்கே ஒரு வருடம் என்பது பூமிக் கணக்கில் முப்பது வருடம். கோடை மட்டும் ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் இருட்டே கிடையாது. காலையும் இல்லாத மாலையும் இல்லாத ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று எல்லாவற்றின் மேலும் படிந்து கிடக்கும். விழித்துக்கொண்டே தூங்குவது போன்ற அந்த வெளிச்சத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் யாரும் எதற்கும் அவசரப்படுவதில்லை.

மன்றம் மாதத்தில் நான்காவது சனிக்கிழமை கூடும். முக்கால் மணி நேரம் ஓர் அறிவுரை நிகழ்ச்சி, பிறகு சுண்டல், பிறகு கலைதல். எடைக் குறைவால் எலும்பு தேய்வதைத் தடுப்பது எப்படி, உயில் எழுதுவது எப்படி, வீட்டுக் காற்றுப்பெட்டியைத் தானே பழுதுபார்ப்பது எப்படி என்று முப்பது வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. ஆனால் இன்றைக்குப் பேசப்போவது ஓர் ஏரி.

துயிலேரி என்பது அதன் பெயர். மன்றத்தின் கட்டடம் அந்த ஏரிக்குள் தூண்கள் நட்டு எழுப்பப்பட்டது. ஏரியில் இருப்பது தண்ணீர் இல்லை, குளிரில் திரவமாகிப்போன மீத்தேன். அதன் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மிதக்கின்றன. தனித்தனியாக இருக்கும்வரை அவை வெறும் அழுக்குப்படலம்தான். கோடை வெயிலில் அவை ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும்போது ஒரு மாதிரி முணுமுணுப்பு எழுகிறது. நடுக்கோடையும் சனிக்கோள் இழுக்கும் பேரலையும் ஒன்றாகச் சேரும் ஒரே ஒரு வேளையில் கரைக்குக் கரை எல்லா இழைகளும் கைகோத்து, ஏரி முழுவதும் ஒரே மனமாகிவிடும். ஏரிமனம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது விழித்திருப்பது நாற்பது நிமிடம். பிறகு அலை வடியும், இழைகள் பிரியும். அடுத்த விழிப்புக்கு இன்னொரு முப்பது வருடம் காத்திருக்க வேண்டும்.

அந்த நாற்பது நிமிடத்துக்கு ஆய்வு நிலையத்தார் பதினேழு கேள்விகளோடு காத்திருந்தார்கள். உயிர் எப்படித் தோன்றியது என்பது அதில் முதல் கேள்வி. ஆனால் யாரோடு பேச விருப்பம் என்று முணுமுணுப்புக் காலத்தில் கேட்டபோது, ஏரி இரண்டே சொல்லைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது: மாதர் மன்றம். நிலையத் தலைவர் இம்மானுவேலுக்கு முகம் தொங்கிவிட்டது. காரணம் எளிமையானது. மன்றத்துக் கூம்பு ஒலிபெருக்கி, வைத்த நாளிலிருந்து ஏரியைப் பார்த்தபடிதான் இருந்தது. அந்த ஏரியில் விழுந்த எந்த அதிர்வும் கலைவதில்லை. எலும்புத் தேய்மானமும் உயிலும் காற்றுப்பெட்டியும் கேட்டுக் கேட்டு அது தமிழ் கற்றிருந்தது.

மன்றத்தின் செயலாளர் பூங்கோதை. வயது அறுபத்தொன்று. மெலிந்த உடம்பு, நீளமான விரல்கள், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாத வாய். கடந்த முப்பது வருடமாகக் கூட்டங்கள் சொன்ன நேரத்துக்கு முடிந்தன. வரவேற்புரை என்றால் மூன்று வாக்கியம், நன்றியுரை என்றால் இரண்டு. நான்காவது வாக்கியத்தை யாராவது தொடங்கினால் மணியை அடித்துவிடுவாள். அந்த மணிக்குப் பயந்தே பலர் மேடை ஏறுவதை விட்டுவிட்டார்கள்.

தலைவர் தில்லைநாயகிக்கு இது முப்பது வருட மனக்குறை. அவர் மனத்தில் ஒரு கூட்டம் என்பது குத்துவிளக்கில் தொடங்கி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று தேர்போல அசைந்து வரவேண்டும். ஏரி பேச ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் நடந்த செயற்குழுவில், ஏரிக்குப் பொன்னாடை போர்த்துவது எப்படி என்பதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. ஏரியின் குறுக்களவு எண்பது கிலோமீட்டர். கரையோரமாக ஒரு மூலையில் போர்த்தினால் போதும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மூலையில் போர்த்தினால் அவமரியாதை என்று இன்னொருவர் சொன்னார்.

"எதுவும் வேணாம். நாற்பது நிமிஷமும் ஏரிக்குத்தான். முப்பத்தஞ்சு நிமிஷம் பேச்சு, அஞ்சு நிமிஷம் கேள்வி. நிகழ்ச்சி நிரல்ல ரெண்டே வரி" என்றாள் பூங்கோதை.

"வரவேற்புரை இல்லாம ஒரு கூட்டமா? என்ன பூங்கோதை, கல்யாண வீட்டுல வாசல்ல வந்து நிக்கிறவங்கள 'வாங்க'ன்னு சொல்ல மாட்டோமா?"

"ஏரி முழிக்கிறதுக்கு முன்னாடியே வரவேற்புரைய வாசிச்சு முடிச்சிடுங்க தலைவரம்மா. யாரு வேணாம்னா?"

"விருந்தாளி தூங்கிட்டிருக்கும்போது யாரைம்மா வரவேற்கிறது? நல்லா இருக்கே நியாயம்!"

"அப்போ கூட்டக் குறிப்பையும் நீங்களே எழுதிக்கோங்க. நான் விலகிக்கிறேன்."

கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்தவர் புதுக்கரையில் பூங்கோதையைத் தவிர யாருமில்லை. தில்லைநாயகி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, நன்றியுரையாவது இருக்கட்டும், அதுவும் ஏரி தூங்கிய பிறகுதானே என்றார். அதையும் பூங்கோதையே ஏற்றுக்கொண்டாள். இரண்டு வாக்கியம் என்று கணக்குப் போட்டு வைத்தாள்.

வெளியே வந்து சிறகு மாட்டும்போது ரஹ்மத்துன்னிசா கேட்டாள்: "கோதை, அந்த அஞ்சு நிமிஷத்துல முதல் கேள்வி யாரோடது?"

"என்னோடது."

"தெரியும். என்ன கேக்கப்போறேன்னும் தெரியும். பதில் நல்லதா இல்லேன்னா தாங்குவியா?"

பூங்கோதை சிறகை விரித்து ஏரியின் மேலாகப் பறந்துபோனாள்.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள், குயிலி. ஏழு வயது இளையவள். எதற்கும் தாமதமாக வருகிறவள். பிறந்ததே சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் கழித்து என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். ஏரியை அளக்கும் வேலை பார்த்தாள். அந்த இழைகள் அழுக்கு இல்லை, அவை கேட்கின்றன என்று முதலில் சொன்னவள் அவள்தான். நிலையத்தில் யாரும் நம்பவில்லை. மன்றம் நம்பியது. அதாவது, அக்கா செயலாளர் என்பதால் ஒரு நான்காவது சனிக்கிழமையை அவளுக்குக் கொடுத்தது. சென்ற நடுக்கோடை அது. பூங்கோதைக்கு அப்போது பேச்சில் கஞ்சத்தனம் கிடையாது. தங்கைக்காக ஒன்பது பக்கத்தில் வரவேற்புரை எழுதியிருந்தாள். பொன்னாடையும் அவளே பார்த்து எடுத்தது, மாம்பழ மஞ்சளில்.

கூட்டம் தொடங்கியது, குயிலி வரவில்லை. எதிர்க்கரையிலிருந்து படகில் கிளம்பிவிட்டாள் என்று மட்டும் தகவல். பூங்கோதை வரவேற்புரையைத் தொடங்கினாள். நான்காம் பக்கத்தின் நடுவில் அவள் காதிலிருந்த செவித்தொடர்பி அதிர்ந்தது. குயிலி. மைக் முன்னால் நிற்கிறவர் அழைப்பை எடுப்பது மரியாதை இல்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கோபம். இத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டு இப்போது கூப்பிட்டு என்ன சாக்குச் சொல்லப்போகிறாள் என்ற கோபம். காது மடலைத் தடவி அழைப்பை அணைத்தாள். அதோடு நிற்காமல், விருந்தினர் வராததால் கூட்டம் இத்துடன் முடிகிறது என்று அறிவித்துவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிட்டாள். எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோனார்கள். ஒரு மணி நேரம் கழித்து, நடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. ஆளைத் தேடித் தேடியும் கிடைக்கவில்லை.

எடுக்காத அழைப்பில் குரல் பதிவாவதில்லை. காப்பாற்று என்று கூப்பிட்டிருப்பாளோ? எடுத்திருந்தால் மீட்புப் படகு போயிருக்குமோ? முப்பது வருடமாகப் பூங்கோதை அந்த அழைப்பை எடுத்துக்கொண்டே இருந்தாள், கனவில். எடுத்ததும் விழித்துக்கொள்வாள். தன் ஒன்பது பக்கத்தின்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு, பிறகு ஊரில் யார் நீட்டிப் பேசினாலும் மணியாக அடித்தது. படகின் அடிப்பலகை அதிர்ந்ததெல்லாம் ஏரியில் பதிந்திருக்கும் என்று குயிலியே எழுதி வைத்திருந்தாள். பூங்கோதை கேட்க நினைத்தது ஒரே கேள்வி: என் தங்கை கடைசியாக என்ன சொன்னாள்?

நிகழ்ச்சி நாளன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஏரியைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவரை ஒட்டி மேடை. மேடையில் தில்லைநாயகியும் பூங்கோதையும். முன் வரிசையில் பதினேழு கேள்விகளை மடியில் வைத்துக்கொண்டு இம்மானுவேல். வெளியே ஏரியில் மிதவை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது; ஏரி பேசுவதற்கென்று அதில் ஒலிச்சவ்வு பொருத்தியிருந்தார்கள். ரஹ்மத்துன்னிசா மிதவையின் ஒலியை நேராகக் காதில் தரும் காதுமூடியை மாட்டிக்கொண்டு, ஏரியின் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரலை வந்தது. அங்கே அலைகள் மெதுவானவை. ஆள் உயரத்துக்கு எழும்பி, யோசித்து, பிறகு மடியும். ஏரி முழுவதும் ஆரஞ்சு நிறம் வெளுத்துப் பால் போலானது. இம்மானுவேல் கூடத் தாள்களை மறந்துவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. வந்த குரல் ஒருவருடையது இல்லை. மன்றத்தில் முப்பது வருடமாகப் பேசிய எல்லாப் பெண்களின் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நெய்யப்பட்டது போல இருந்தது அது.

"அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்றது ஏரி.

கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது. பூங்கோதைக்குக் கண் கலங்கியது.

"இந்த இனிய விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும், சேவைச் செம்மல், மன்றத் தலைவர் திருமதி தில்லைநாயகி அவர்களே! நேரந்தவறாச் செயலாளர் செல்வி பூங்கோதை அவர்களே! ஒலிபெருக்கி அமைத்துத் தந்த ரஹ்மத்துன்னிசா அவர்களே!"

தில்லைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"முன்னாள் தலைவர் அவர்களே! முன்னாள் துணைத்தலைவர்கள் நால்வர் அவர்களே! எலும்புத் தேய்மானம் குறித்து உரையாற்றிய மருத்துவர் அவர்களே! காற்றுப்பெட்டி பழுதுபார்த்தல் குறித்து உரையாற்றி, பாதியில் மின்சாரம் போனதால் மீதியைச் சொல்லாமல் சென்ற பொறியாளர் அவர்களே! இரண்டாம் வரிசையிலிருந்து, சுண்டல் எப்போது வரும் என்று கேட்டவர் அவர்களே!"

சிரிப்பலை எழுந்தது. ஏரி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மேலே போனது. அது எந்தப் பெயரையும் மறக்கவில்லை. குத்துவிளக்கு ஏற்றியவர்கள், கடவுள் வாழ்த்துப் பாடியவர்கள், பாட வந்து தொண்டை கட்டிக்கொண்டவர்கள். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. இம்மானுவேல் தன் கேள்விகளில் கடைசி நான்கை அடித்துவிட்டார்.

"சத்துணவு குறித்து மூன்று முறை உரையாற்றிய ஜெபக்கனி அவர்களே!" என்றது ஏரி.

நான்காவது வரிசையில் ஒருத்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜெபக்கனி அவளுடைய அம்மா. இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அந்த ஒரு பெயரை ஏரி ஜெபக்கனியின் குரலிலேயே சொல்லியிருந்தது. இப்படியே அங்கங்கே ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் தன் வீட்டுப் பெயர் வந்து போனதும் அவரவரும் பக்கத்தில் இருப்பவளோடு பேசத் தொடங்கிவிட்டார்கள். இருபது நிமிடம் ஆனபோது மண்டபத்தில் சந்தை இரைச்சல். பின் வரிசைக்காரர்கள் சுண்டல் தட்டுகளின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

"பேச்சுக்கு எப்போ வரும்?" என்று தில்லைநாயகி கிசுகிசுத்தார். நீட்டிப் பேசுவது தன் சொந்தச் சொத்து என்று அதுவரை நினைத்திருந்தவர் அவர்.

பூங்கோதைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று வாக்கியத்துக்கு மேல் யாரையும் பேசவிடாத தான், ஒரு வரவேற்புரையைத் தடுக்க ராஜினாமா வரை போன தான், கடைசியில் இந்த ஏரியிடம் மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தாள். முப்பது நிமிடம். கேள்வி நேரம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஏரியோ இன்னும் பெயர்களில்தான் இருந்தது. முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. இனியும் பொறுக்க முடியாது என்று அவள் எழுந்தாள். மணியை எடுத்துக்கொண்டு மைக்கை நோக்கி நடந்தாள். அந்த எடை குறைந்த மண்ணில் ஒவ்வோர் அடியும் மிதந்து மிதந்துதான் விழும். அவளுக்கு அந்த ஏழெட்டு அடி ஏழெட்டு வருடம் போல இருந்தது. மணியை ஓங்கினாள்.

"நிறைவாக" என்றது ஏரி, "இன்றைய சிறப்பு விருந்தினர் செல்வி குயிலி அவர்களே!"

மணி ஓங்கியபடியே நின்றது.

"விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார். அவர் வருகை சற்றுத் தாமதமாகும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதுவரை நிகழ்ச்சியை நீட்டிக்குமாறு அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டது வருமாறு."

பிறகு ஏரியின் குரல் விலகிக்கொண்டது. காற்றின் இரைச்சல் கேட்டது. படகுப் பலகையில் அலை மோதும் சத்தம். அதன் நடுவில், இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நீ எடுக்க மாட்டேன்னு தெரியும். மைக்ல நிப்பே. காத்து எதிர்க்க அடிக்குது, லேட்டாகும்போல. திட்டாத. ஒன்பது பக்கம் எழுதி வச்சிருக்கேல்ல, ஒண்ணு விடாம நிதானமா வாசி. இழுத்துப் பேசுக்கா. நான் வந்துர்றேன்."

அவ்வளவுதான். அதில் பயம் இல்லை. காப்பாற்று என்ற சொல் இல்லை. அது வழக்கமாகத் தாமதமாக வருகிறவளின் வழக்கமான சமாளிப்பு. அதைச் சொல்லி முடித்து, பிறகு எப்போதோ, அவளே எதிர்பாராத ஓர் அலையில் படகு கவிழ்ந்திருக்கிறது. முப்பது வருடமாகச் சுமந்த ஒன்று பூங்கோதையின் நெஞ்சிலிருந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. தங்கை கேட்டது உதவி இல்லை, பேச்சு. அக்கா நான்காம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"அவர் என்னிடம்தான் இருக்கிறார்" என்று ஏரி பழைய குரலில் தொடர்ந்தது. "கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். நான் மெதுவாக நடப்பேன். வருடத்துக்கு ஒரு முழம். அவர் வந்து சேரும்வரை கூட்டம் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் கடமை. ஆகவே நானும் என்னால் இயன்றவரை..."

இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அவள் கையில் மணி இருந்தது. அடித்தால் ஏரி நிறுத்தும். இம்மானுவேல் உயிர் தோன்றியது எப்படி என்று கேட்பார். ஒருவேளை பதிலும் கிடைக்கும். அவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, கெஞ்சுகிற கண்ணோடு பூங்கோதையைப் பார்த்தார். அவருக்கு அந்தக் குரல் எதுவும் கேட்டிருக்கவில்லை. அது ஒலித்த நேரத்தில் அவர் பின்பக்கம் திரும்பி, பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்து இரைச்சலில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், ஒலிபெருக்கியை ஒட்டி நின்ற பூங்கோதையும் காதுமூடி மாட்டியிருந்த ரஹ்மத்துன்னிசாவும்.

பூங்கோதை மணியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

ஏரி வாசல் தூண்களுக்கு நன்றி சொன்னது. ஒலிபெருக்கியின் துருவுக்கு நன்றி சொன்னது. வெயிலை வாழ்த்தியது. "நேரத்தின் அருமை கருதி என் உரையைச் சுருக்கிக்கொண்டு, இனி தலைப்புக்குள் நுழைகிறேன்" என்றது. அலை வடிந்தது. பால் நிறம் மெல்லக் கரைந்து மறுபடி ஆரஞ்சானது. மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அருமையான பேச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இம்மானுவேல் பதினேழு கேள்விகளையும் நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த நடுக்கோடையில் அவருக்கு வயது எண்பத்தெட்டு ஆகியிருக்கும்.

"நன்றியுரை" என்று தில்லைநாயகி களைப்போடு அறிவித்தார். "செயலாளர் ரெண்டு வாக்கியத்துல முடிச்சிடுவாங்க." ஜனங்கள் அதற்குள் எழுந்து சிறகுகளின் பக்கம் நகரத் தொடங்கியிருந்தார்கள்.

பூங்கோதை ரஹ்மத்துன்னிசாவைப் பார்த்தாள். ரஹ்மத்துன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னறைக்குப் போனாள். அலமாரியின் அடித்தட்டில் மாம்பழ மஞ்சளில் ஒரு பொன்னாடை முப்பது வருடமாக மடித்து இருந்தது. அதன் மடிப்புக்குள் ஒன்பது தாள்கள். இரண்டையும் கொண்டுவந்து தோழியின் கையில் கொடுத்தாள். பூங்கோதை பொன்னாடையை மேடையில் ஒரு நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டாள். முதல் நான்கு தாள்களை எடுத்துத் தனியே வைத்தாள். ஐந்தாம் தாளைப் பிரித்தாள்.

"உட்காருங்க எல்லாரும்" என்றாள். அந்தக் குரலுக்கு ஊர் பழகியிருந்ததால் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

வாசித்தாள். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு வாசித்தாள். குயிலி எந்தப் பள்ளியில் படித்தாள், எந்த வருடம் முதல் சிறகு கட்டினாள், எந்தெந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு தாமதமாக வந்தாள் என்பதெல்லாம் அதில் இருந்தது. தன் பெயரே தெரியாத இளைய தலைமுறை ஒன்று தன் வரவேற்பைக் கேட்டுக் கொட்டாவி விடும் என்று குயிலி நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

"இது நன்றியுரைதானே? ஏன் யாரையோ வரவேற்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்தப் பூங்கோதைக்கு இன்னைக்கு என்ன ஆச்சு? ஏரி தொத்திடுச்சா?" என்றாள் இன்னொருத்தி.

"வரவேற்புரை இல்லாம கூட்டம் நடக்காதுன்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் தில்லைநாயகி. வென்றது தான்தான் என்றாலும், எப்போது முடியும் என்று அவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இந்தக் காலத்தில், பூமியில், ஏதோ ஒரு மண்டபத்தின் நாற்காலியில் நெளிந்தபடி, மைக்கை விடாத ஒருவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கும் உங்களைப் போலத்தான் அவர்களும் நெளிந்தார்கள். அவர் யாருக்காக இழுக்கிறார் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி வந்தது. "எங்கள் அழைப்பை ஏற்று இங்கே வருகை தந்திருக்கும் செல்வி குயிலி அவர்களை, வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறேன்." அப்பாடா என்று மண்டபமே எழுந்து, ஏரி பேசியபோது தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டியது.

பூங்கோதை கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தாள். ஏரி அசையாமல் கிடந்தது. கைதட்டல் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, மறுபடி ஐந்தாம் பக்கத்தை எடுத்தாள்.